பஞ்சர் ஒட்டுறதுக்கு முன்னாடி முள்ளைத் தேடுங்க! - திண்ணையில் நிற்கும் சைக்கிளை ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு வழிகாட்டி

உங்க வீட்டுத் திண்ணையில் ஒரு சைக்கிள் சாய்ஞ்சு நிற்கிறதா? பிளஸ் 1 சேர்ந்தப்போ ஸ்கூல்ல கொடுத்த சைக்கிளா? ஹேண்டில்பார்ல துண்டு காயுது, கேரியர்ல பழைய பேப்பர் கட்டு உட்கார்ந்திருக்கு, பின் டயர் தரையோட தரையா படுத்திருக்கு... சரியா?

'என்னப்பா ஆச்சு?'ன்னு கேட்டா, 'பஞ்சர்'னு ஒரே வார்த்தையில் பதில் வரும். பிரேக் உடையலை, செயின் அறுந்து போகலை. ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. அதுக்காக ஒரு வண்டியே மாசக்கணக்கில் நிற்கிறது.

செந்துறை பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. சுத்துப்பட்டு கிராமங்களில் இருந்து ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைகளுக்கு, காலையில் பஸ்ஸை விட்டுட்டா சைக்கிள்தான் கதி. பையனா இருந்தா ஃப்ரெண்டு பைக்ல தொத்திக்கிட்டாவது போயிடுவான். அதே வீட்டுல இருக்குற பொண்ணுக்கு 'இன்னைக்கு ஒருநாள் லீவு போட்டுக்கோ'ன்னு சொல்லிடுவாங்க. அந்த ஒருநாள் எத்தனை நாளாகும்னு டியூப்தான் முடிவு பண்ணும்.

தமிழ்நாட்டில் மிதிவண்டித் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2005-06-க்குப் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. சைக்கிளை அரசு கொடுத்துடுச்சு. அதை ஓடவைக்கிற வித்தையை நாமதான் கத்துக்கணும். வாங்க, கத்துக்கலாம்.

காத்துதான் சுமக்குது!

1888-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்டு டன்லப்னு ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். மகனோட மூணு சக்கர சைக்கிள் கரடுமுரடான ரோட்டில் தடதடன்னு குலுங்குறதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காத்தடைச்சு சக்கரத்தில் சுத்தினார். அவருக்கு 43 வருஷத்துக்கு முன்னாடி, 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனா, சைக்கிளோட சேர்ந்து அது உலகம் முழுக்க ஓட ஆரம்பிச்சது டன்லப் காலத்தில்தான்.

இன்னைக்கும் அடிப்படை அதேதான். காத்தைப் பிடிச்சு வைக்கிறது டியூப். டியூப் உப்பி வெடிக்காம இறுக்கிப் பிடிக்கிறது டயர். டயர் கழண்டு போகாம பிடிக்கிறது ரிம். உங்க எடை, ஸ்கூல் பேக், கேரியர்ல உட்கார்ந்திருக்கிற தங்கச்சி எல்லாத்தையும் சுமக்கிறது உள்ளே இருக்கிற காத்து.

அதனால், காத்து குறைஞ்சா எல்லாமே கெடும். குறைஞ்ச காத்தோட ஒரு கல்லுல ஏத்தினா, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் நசுங்கும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு வெட்டு விழும். பாம்பு கடிச்ச மாதிரி இருக்கும். ரிம்மும் பெண்டாகும். மிதிக்கவும் கஷ்டமா இருக்கும்.

எவ்வளவு காத்து வேணும்? டயரோட பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும், 'பி.எஸ்.ஐ' கணக்கில். அந்த அளவைத் தாண்ட வேண்டாம். மீட்டர் இல்லைன்னா கட்டைவிரலால் அழுத்திப் பாருங்க, டயர் கல்லு மாதிரி விறைப்பா இருக்கணும். அப்புறம் சைக்கிள்ல ஏறி உட்கார்ந்து பின் டயரைக் கவனிங்க. நல்லாவே பிதுங்கினா காத்து பத்தாது. உங்க எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் இறங்கும் என்பதால் பின்னாடி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

ஓட்டையே இல்லாத டியூப்பில் இருந்தும் ரப்பர் வழியா காத்து மெல்லக் கசியும். வாரத்துக்கு ஒரு தடவை காத்தடிச்சாலே பாதிப் பிரச்னை ஓடிப்போயிடும்.

அது பஞ்சர்தானா?

டயர் இறங்கியதும் 'பஞ்சர்'னு முடிவு பண்ணாதீங்க. முதல்ல வால்வைப் பாருங்க. பழைய மாடல் சைக்கிள்களில் வால்வுக்குள்ள ஒரு மெல்லிய ரப்பர் உறை மாட்டியிருக்கும். அதுதான் வால்டியூப். வெயில்ல அது இறுகிப்போகும், இல்லைன்னா கிழிஞ்சு போகும். காத்து அந்த வழியாவே நழுவிடும்.

டெஸ்ட் ரொம்ப ஈஸி. காத்தடிச்சுட்டு வால்வு வாயில் ஒரு சொட்டு தண்ணி வைங்க. குமிழ் வந்தா வால்டியூப்தான் குற்றவாளி. சில ரூபாய் செலவு, ரெண்டு நிமிஷ வேலை. ரெண்டு மூணு வாங்கி பென்சில் பாக்ஸ்ல போட்டு வைங்க.

ஒட்டுறது எப்படி?

டயர் கழட்டுற லிவர் ரெண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, பம்ப், அகலமான பாத்திரத்தில் தண்ணி. இவ்வளவுதான் தேவை. பஞ்சர் ஒட்ட சக்கரத்தையே கழட்ட வேண்டியதில்லை.

1. வால்வைக் கழட்டி மிச்ச காத்தை முழுசா வெளியேத்துங்க. டயரைச் சுத்திலும் அமுக்கி, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளுங்க. வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லிவரைக் கொடுத்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுங்க. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது புதுசா ஒரு ஓட்டை போட்டுடும்.

2. டியூப்பை வெளியே இழுத்து, காத்தடிச்சு, தண்ணியில் முக்கிப் பாருங்க. குமிழ் வர்ற இடத்தில் பேனாவால் குறி போடுங்க. ஒரு ஓட்டை கிடைச்சதும் நிறுத்தாம, முழு டியூப்பையும் பாருங்க.

3. இப்போதான் முக்கியமான வேலை. ஒட்டுறதுக்கு முன்னாடி முள்ளைத் தேடுங்க. வால்வை அடையாளமா வைச்சு, டியூப்பில் ஓட்டை இருக்கிற இடத்துக்கு நேரா டயரில் எந்த இடம் வருதுன்னு பாருங்க. டயரின் உள்பக்கத்தைத் துணியால் மெதுவா தடவுங்க. துணி எங்கேயாவது சிக்கினா அங்கேதான் முள். சீமைக்கருவேல முள்ளு டயருக்குள்ள ஏறி முனை உடைஞ்சு தங்கிடும். வெளியே இருந்து பார்த்தா எதுவும் தெரியாது. 'நேத்துதான் ஒட்டினேன், இன்னைக்கும் அதே இடத்துல பஞ்சர்'னு புலம்புறோமே... காரணம் பல நேரம் இந்த முள்தான்.

4. டியூப்பை நல்லா துடைச்சுக் காய வைங்க. ஒட்டு போடும் அளவைவிடக் கொஞ்சம் அதிகமா உப்புத்தாளால் தேய்ங்க. பளபளப்பு போகணும். தூசியைத் துடைச்சுட்டு சொல்யூஷனை மெல்லிசா தடவுங்க.

5. அடுத்தது, காத்திருங்க! இங்கேதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. சொல்யூஷன்ல இருக்கிற கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் ஒட்டு பிடிக்கும். ஈரமா இருக்கும்போதே வெச்சா அடுத்த நாளே உரியும். நாலஞ்சு நிமிஷம் விடுங்க. வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் படும். இந்தச் சொல்யூஷன் சட்டுன்னு தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது.

6. ஒட்டை வெச்சு நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்ங்க. மேலே கொஞ்சம் முகப்பவுடர் போடுங்க. டயரோட ஒட்டிக்காது.

7. டியூப்பில் லேசா காத்து ஏத்தி, முறுக்கு இல்லாம உள்ளே வைங்க. டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு, வால்வு பக்கம் முடிங்க. கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளுங்க. லிவரால் தள்ளினா டியூப் மாட்டிக்கிட்டு கிழியும். பாதி காத்தடிச்சுட்டு சக்கரத்தைச் சுத்திவிட்டு, டயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கான்னு பார்த்துட்டு, மீதியை அடிங்க.

ஓட்டை சொல்லும் கதை

ஓட்டையோட வடிவமும் இடமும் பஞ்சருக்கான காரணத்தைச் சொல்லிடும்.

* டியூப்பின் வெளிப்பக்கம், சின்னதா ஒரே ஓட்டை: முள், ஆணி, கண்ணாடித் துண்டு.
* அருகருகே ரெண்டு வெட்டு: காத்து குறைவா ஓட்டியிருக்கீங்க.
* ரிம் பக்கம் ஓட்டை: போக்ஸ் கம்பியின் முனை குத்துது. ரிம்முக்குள் சுத்தியிருக்கும் நாடா நகர்ந்திருக்கும், இல்லைன்னா கிழிஞ்சிருக்கும். நாடாவை மாத்தாம டியூப்பை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்லை.
* வால்வு அடியில் கிழிசல்: காத்து குறைவா ஓட்டும்போது டயரோட சேர்ந்து டியூப்பும் நகரும், வால்வு சாயும், அடியில் கிழியும். இங்கே ஒட்டு நிற்காது. புது டியூப்தான்.
* நீளமான கிழிசல்: ஒட்டி ஏமாறாதீங்க, மாத்திடுங்க.

டயரை எப்போ மாத்தணும்?

அரியலூர் மாவட்டம் சிமென்ட் ஆலைகளின் ஊர். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓடுற அதே ரோட்டின் ஓரத்தில்தான் நம்ம பிள்ளைகளும் சைக்கிள் மிதிக்கிறாங்க. லாரி கடக்கும் நேரத்தில் முன் டயர் வெடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 'இன்னும் ரெண்டு மாசம் ஓடட்டும்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

பட்டன் தேய்ஞ்சு வழுவழுன்னு ஆனாலோ, ரப்பருக்குள் இருக்கும் நூல் வெளியே தெரிந்தாலோ, டயரில் முட்டை மாதிரி வீக்கம் இருந்தாலோ, ஓரக்கம்பி உடைஞ்சிருந்தாலோ மாத்தியே ஆகணும். வெயிலில் நின்னு நின்னு பக்கவாட்டில் ஆழமா வெடிப்பு விட்டிருந்தாலும் அப்படித்தான்.

பின் டயர்தான் சீக்கிரம் தேயும். ஒரு டயர் வாங்கத்தான் காசு இருக்குன்னா, புதுசை முன்னாடி போட்டுட்டு, முன்னாடி இருந்த நல்ல டயரைப் பின்னாடி மாத்துங்க. பின் டயர் வெடிச்சா ஓரளவு சமாளிச்சு நிறுத்தலாம். முன் டயர் வெடிச்சா ஹேண்டில்பார் நம்ம பேச்சைக் கேட்காது.

'26 இஞ்ச்'னு மட்டும் சொல்லாதீங்க!

கடையில் போய் '26 டயர் கொடுங்க'ன்னு கேட்டு வாங்கிட்டு வந்து, மாட்டவே முடியாம திரும்பிப் போனவங்க நிறைய பேர். ஏன்னா, 26-லேயே பல வகை இருக்கு. தடிமனான மவுன்டெயின் பைக் டயர் 26 × 2.125. மெல்லிய லேடீஸ் சைக்கிள் டயர் 26 × 1⅜. ரெண்டும் 26-தான். ஆனா, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் முதலாவதுக்கு 559 மில்லிமீட்டர், ரெண்டாவதுக்கு 590. ஒண்ணு இன்னொண்ணுக்குச் சேரவே சேராது.

அதனால டயர் மேல சின்ன எழுத்தில் இருக்கும் இன்னொரு எண்ணைத் தேடுங்க. தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளில் 28 × 1½ என்பதோடு 40-635 என்றும் இருக்கலாம். 40 என்பது டயரின் அகலம், 635 என்பது அந்த விட்டம், ரெண்டும் மில்லிமீட்டரில். இந்த ரெண்டாவது எண் பொருந்தினால்தான் டயர் பொருந்தும்.

மனப்பாடம் பண்ண வேண்டாம். போன் கையில்தானே இருக்கு? டயர் எண்ணையும் வால்வையும் ஒவ்வொரு போட்டோ எடுத்துட்டு கடைக்குப் போங்க. பழைய மாடல் வால்வா, பைக்கில் இருப்பது போன்ற வால்வான்னு பார்த்துத்தான் டியூப் வாங்கணும். ரிம்மில் இருக்கும் துளையில் அது நுழையணும் இல்லையா?

புது டியூப் மாட்ட சக்கரத்தைக் கழட்டியாகணும். கழட்டுறதுக்கு முன்னாடி செயின், வாஷர், பிரேக் எல்லாம் எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. திரும்ப மாட்டும்போது குழப்பமே வராது. மாட்டி முடிச்சதும் நட்டு இறுக்கமா இருக்கா, சக்கரம் நடுவில் சுத்துதா, பிரேக் பிடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் ரோட்டுக்குப் போகணும்.

லீவு நாளில் ஒரு வேலை

பரீட்சை லீவில் சைக்கிள் சும்மா நிற்கப்போகுதா? காத்தில்லாம வெயிலில் விடாதீங்க. மடிஞ்ச இடத்திலேயே டயர் வெடிக்கும். நிழலில் நிறுத்தி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காத்தடிங்க.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினாங்க. யாரையும் எதிர்பார்க்காம, நினைச்ச நேரத்துக்கு நினைச்ச இடத்துக்குப் போக ஒரு சக்கரம் போதும்னு அவங்க காட்டினாங்க.

அந்தச் சக்கரத்தில் காத்து இல்லைன்னா, திரும்பவும் இன்னொருத்தரைத்தான் எதிர்பார்க்கணும். அதனால, தம்பிகளா... தங்கச்சி சைக்கிளை நீங்களே கடைக்கு உருட்டிட்டுப் போய் ஒட்டிட்டு வந்து கொடுக்காதீங்க. பக்கத்துல உட்கார வெச்சு கத்துக்கொடுங்க. தங்கச்சிகளா... அவங்க சொல்லித்தரும் வரைக்கும் நீங்களும் காத்திருக்க வேண்டாம்.

இன்னைக்கு சாயங்காலம் அந்தத் துண்டை எடுத்துக் கொடியில் போடுங்க. பேப்பர் கட்டை இறக்குங்க. ஒரு வாளித் தண்ணியோட சைக்கிள் பக்கத்துல உட்காருங்க. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், கையெல்லாம் கறுப்பாகும். திங்கள்கிழமை காலையில் பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க வகுப்பில் இருப்பீங்க!