சும்மா இருக்கத் தெரியாத செயலி

டாஸ் காலத்துக் கணினியை இயக்கினால் கறுப்புத் திரையில் ‘சி:\>’ என்று வந்து நிற்கும். பக்கத்தில் ஒரு சிறு கோடு மின்னிக்கொண்டிருக்கும். நாம் எதுவும் தட்டாதவரை கணினி ஓய்வில் இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் செயலி அப்போதும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

விசைப்பலகையிலிருந்து எழுத்து வந்திருக்கிறதா என்று நினைவகத்தின் ஒரு மூலையைப் பார்க்கும். வரவில்லையா, மறுபடி பார்க்கும். அவ்வளவுதான் வேலை. 1989இல் வந்த 25 மெகாஹெர்ட்ஸ் 486 செயலிக்கு நொடிக்கு 2.5 கோடி துடிப்பு. அத்தனையும் இந்த வெட்டிச் சுற்றிலேயே கரைந்தது. (மின்னும் கோடுகூடச் செயலியின் வேலை அல்ல, அது வீடியோ அட்டையின் பொறுப்பு.) வாசலில் அழைப்பு மணி இருந்தும், யாராவது வந்தார்களா என்று ஓயாமல் கதவைத் திறந்து பார்ப்பது போன்ற காரியம் இது.

மணி உண்மையிலேயே இருந்தது. இன்டெல் 1978இல் வெளியிட்ட 8086 செயலியிலேயே ‘ஹெச்எல்டி’ என்றொரு கட்டளை உண்டு. நீளம் ஒரே ஒரு பைட். அதைக் கண்டதும் செயலி அப்படியே நின்றுவிடும். யாராவது ஒரு விசையை அழுத்தினாலோ, நேரம் காட்டும் சில்லு தட்டினாலோ எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐபிஎம் பிசியில் அந்தத் தட்டல் நொடிக்குச் சுமார் 18 முறை.

டாஸ் இதைப் பொருட்படுத்தாததற்குக் காரணம் உண்டு. அன்றைய செயலிகள் அவ்வளவாகச் சுடவில்லை. மேலே வெப்பத்தகடுகூட இல்லாமல் ஓடின. நிறுத்தினாலும் பெரிய மிச்சம் இல்லை, ஏனென்றால் கடிகாரத் துடிப்பு சில்லுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாகிறது. வேகம் கூடினால் அதே அளவில் வெப்பமும் கூடும். மின்னழுத்தம் கூடினாலோ அதன் வர்க்கத்தின் அளவில் ஏறும். 1993இல் வந்த 60 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 5 வோல்ட்டில் சுமார் 15 வாட் வரை இழுத்தது. தகடும் விசிறியும் கட்டாயமாயின. அடுத்த தலைமுறையை 3.3 வோல்ட்டுக்கு இறக்கியதன் கணக்கு இதுதான்: மற்றவை மாறாதிருந்தால் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். அதே காலத்தில் வந்த புதிய 486களும் ஹெச்எல்டி கிடைத்ததும் உள்ளே கடிகாரத்தையே அடைத்துவிடக் கற்றுக்கொண்டன.

இனி இயங்குதளம்தான் அந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். லினக்ஸும் விண்டோஸ் என்டியும் வேலை இல்லாதபோது கொடுத்தன. லினக்ஸ் தொடங்கும்போதே ஹெச்எல்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்து, ‘ஓகே’ என்று திரையில் ஒரு வரி எழுதும். 100 மெகாஹெர்ட்ஸ் 486களில் சில, நின்றபின் சரியாக எழவில்லை. அவற்றுக்காக ‘நோ-ஹெச்எல்டி’ என்ற விருப்பமும் இருந்தது.

விண்டோஸ் 95 இதே பள்ளத்தில்தான் விழுந்தது. உருவாக்கத்தின்போது ஹெச்எல்டியைச் சேர்த்துப் பார்த்தார்கள். சில மடிக்கணினிகள் அப்படியே உறைந்துபோயின என்று மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் பின்னாளில் எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் பொதுவாக விற்கும் மென்பொருள் என்பதால் எடுத்துவிட்டார்கள். சூடானாலும் ஓடுகிற கணினி, குளிர்ந்தும் எழாத கணினியைவிட மேல். என் பார்வையில் அது சரியான முடிவே.

அந்த இடைவெளியை ரெயின், வாட்டர்ஃபால், சிபியு-ஐடில் போன்ற குட்டி நிரல்கள் நிரப்பின. சாதாரண நிரல் எதுவும் செயலியை நிறுத்திவிட முடியாது. அந்த உரிமை இயங்குதளத்தின் உள்ளடுக்குக்கு மட்டுமே. அதனால் இவை டிரைவர் வழியாக உள்ளே போய், வேறு யாருக்கும் வேலை இல்லாதபோது ஹெச்எல்டி கொடுத்தன. தகடு கை வைக்கும் அளவுக்குக் குளிர்ந்தது. ஆனால் விண்டோஸின் கண்காணிப்பு மீட்டர் 100 சதவீதம் வேலை என்று காட்டும். நிறுத்தும் நிரலும் ஒரு நிரல்தானே, அதன் நேரத்தையும் உழைப்பாகவே எண்ணிக்கொண்டது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. மின்சாரம், வெப்பம் பற்றிய முடிவுகள் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயாஸ் நிரலிடமிருந்து இயங்குதளத்தின் கைக்கு வந்தன. ஹெச்எல்டி அதில் ஓய்வின் முதல் படி மட்டுமே, கீழே இன்னும் ஆழமான படிகள் உண்டு. நேரச் சில்லின் தட்டலே தூக்கத்தைக் கெடுக்கிறது என்று 2007இல் லினக்ஸ் வேலை இல்லாத நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டது.

பழைய டாஸை இன்றைய மடிக்கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியில் ஏற்றிப் பாருங்கள். ‘சி:\>’ வந்து நின்றதும் ஒரு செயலிக்கரு முழுவதையும் அது விழுங்கிக்கொள்ளும், விசிறி இரையத் தொடங்கும். டாஸுக்கு இலவச மாற்றான ஃப்ரீடாஸுடன் வரும் எஃப்டிஏபிஎம் நிரலை ஓட்டினால் சற்று நேரத்தில் விசிறி அடங்கிவிடும்.