கலப்பில் மறைந்திருந்த காபி

காபி பெரும்பாலும் தன் ஊர்ப்பெயரை இழந்தே சந்தைக்கு வருகிறது. பல தோட்டங்களின் பழங்கள் ஓர் ஆலையில் தோல் நீக்கப்பட்டு, ஒரே களத்தில் உலர்ந்து, ஒரே சாக்கில் சேர்ந்துவிடுவதால், எந்தச் சரிவின் எந்த மரம் என்ன சுவையைத் தந்தது என்பதை விளைவித்தவரும் அறிவதில்லை, அருந்துபவரும் அறிவதில்லை. விளைந்த இடமும் மரவகையும் நாவில் தனித்துத் தெரியும்படி கையாளப்படும் உயர்தரக் காபிக்கு ‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்று பெயர். 1974ஆம் ஆண்டில் எர்னா நட்சன் என்ற அமெரிக்கக் காபி வணிகர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த இச்சொல், பின்னாளில் சுவைச் சோதனையில் 100க்கு 80 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ பெறும் காபியைக் குறிப்பதாக நிலைபெற்றது. அந்த அளவுகோலின் உச்சத்தைத் தொட்ட தோட்டங்களுள் முதலில் எண்ணப்படுவது, பனாமா நாட்டில் பீட்டர்சன் குடும்பம் நடத்திவரும் ‘ஹசியெண்டா லா எஸ்மெரால்டா’.

பனாமாவின் மேற்கெல்லையை ஒட்டிய சிரிக்கி மாகாணத்தில், பாரு எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொகெட்டே என்ற மலையூர். எரிமலைச் சாம்பல் மட்கிய மண்ணும், ‘பஹரேக்கே’ என்று அவ்வூரார் அழைக்கும் பனிபோன்ற தூறலும், குளிர்ந்த இரவுகளும் சேர்ந்து அங்கே காபிப் பழம் பழுப்பதைத் தாமதப்படுத்துகின்றன. மெல்லப் பழுக்கும் பழத்தின் கொட்டை இறுகித் திரண்டு, மணமும் புளிப்பும் செறிந்து வளர்கிறது. அமெரிக்க வங்கியாளரான ருடால்ஃப் பீட்டர்சன் 1967இல் இவ்வூரில் வாங்கிய எஸ்மெரால்டா நிலம் முதலில் கால்நடைப் பண்ணையாகவே இருந்தது. நரம்பு வேதியியல் கற்ற அவருடைய மகன் பிரைஸ் பீட்டர்சன் குடும்பத்துடன் அங்கு குடியேறிய பிறகே காபி படிப்படியாக முதன்மைப் பயிராயிற்று. அடுத்து அவருடைய பிள்ளைகளும் பொறுப்பேற்றனர்.

இத்தோட்டத்துக்குப் புகழ் தேடித்தந்த ‘கெய்ஷா’ மரவகை, ஜப்பானியக் கலைப்பெண்டிரைக் குறிக்கும் சொல்லோடு எத்தொடர்பும் இல்லாதது. எத்தியோப்பியாவின் தென்மேற்கில் உள்ள கெஷா வட்டாரத்தின் காடுகளிலிருந்து 1930களில் எடுக்கப்பட்ட விதைகள், கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வு நிலையங்கள் வழியாக 1953இல் கோஸ்டா ரிகாவின் துரியால்பா ஆய்வு மையத்தை அடைந்தன. 1869இல் இலங்கையில் தலைகாட்டி, அத்தீவின் காபித் தோட்டங்களையும் அவற்றை நம்பிச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் பிழைப்பையும் குலைத்த இலைத்துரு நோயை இம்மரம் ஓரளவு தாங்கும் என்று கருதப்பட்டதால், 1960களில் அது பனாமாவுக்கும் வழங்கப்பட்டது. ஆயினும் விவசாயிகள் அதை விரும்பவில்லை: கிளையில் கணுக்கள் தள்ளித்தள்ளி அமைவதால் காய்ப்பு குறைவு; கிளைகளோ எளிதில் முறியக்கூடியவை. எனவே அது வேலியோரங்களிலும் பிற மரங்களுக்கு இடையிலும் கவனிப்பாரின்றி நின்றது.

பீட்டர்சன் குடும்பம் 1990களில் வாங்கிய ஹரமிய்யோ என்ற தோட்டத்தில், இலைகளில் வட்டப் புள்ளிகளை உண்டாக்கி அவற்றை உதிர்க்கும் ‘சேவற்கண்’ என்னும் பூஞ்சை நோய் பரவியபோது, சில மரங்கள் மட்டும் அதற்கு ஈடுகொடுத்து நின்றன. அவை கெய்ஷா மரங்கள். நோய்க்குத் தப்பும் பயிர் என்ற காரணத்துக்காகவே அவ்வகை மேட்டு நிலங்களிலும் நடப்பட்டது. அப்போது சுவை பற்றிய எண்ணம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னர், பிரைஸின் மகன் டேனியல் பீட்டர்சன் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியின் விளைச்சலையும் கலக்காமல் தனித்தனி லாட்டுகளாகப் பிரித்து வைத்துச் சோதித்தபோதுதான், 1,500 மீட்டருக்கு மேல் விளைந்த கெய்ஷா மற்றவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டிருப்பது புலனாயிற்று.

‘கப்பிங்’ எனப்படும் இச்சோதனை எளியது. அதே சமயம் கண்டிப்பானது. இளவறுவலாக வறுத்த கொட்டையைக் கொரகொரப்பாகத் திரித்து, கிண்ணத்தில் இட்டு வெந்நீர் ஊற்றி, சில நிமிடம் கழித்து மேலே படியும் தூளாடையைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து, ஆறத் தொடங்கியதும் ஓசையெழ உறிஞ்சிச் சுவைப்பார்கள். பாலும் சர்க்கரையும் சிக்கரியும் இல்லாத கெய்ஷாவின் கிண்ணத்தில் மல்லிகை மணமும், எலுமிச்சை இனத்துப் பெர்காமாட்டின் தோல் மணமும், தேநீரை ஒத்த மென்மையும் தெரிந்தன. 2004இல் ‘பெஸ்ட் ஆஃப் பனாமா’ போட்டியில் முதலிடம் பெற்ற அந்த லாட், சாதாரணக் காபி பவுண்டுக்கு ஒரு டாலர்கூடப் பெறாத காலத்தில், பவுண்டு 21 டாலருக்கு ஏலம் போயிற்று. 2007இல் இத்தோட்டத்துக் கெய்ஷாவின் விலை 130 டாலரைத் தொட்டது.

விளைச்சலை லாட்டுகளாகப் பிரித்துக் கையாள்வதற்கு உழைப்பு மிகுதி. ஒரே கிளையில் காயும் பழமும் சேர்ந்திருப்பதால், நோபே பழங்குடியினரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பறிப்பாளர்கள் ஒரே மரத்துக்குப் பலமுறை திரும்பிவந்து, நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். சதையை நீக்கிக் கழுவி உலர்த்துவதாயினும், பழத்தை முழுதாகவே உலர்த்துவதாயினும், எந்த நாளில் எந்தச் சரிவில் பறித்தது என்ற கணக்கு கடைசி வரை தவறக்கூடாது.

இன்று அண்டைத் தோட்டங்களும் பிற நாடுகளும் கெய்ஷாவை நடுகின்றன. ‘பெஸ்ட் ஆஃப் பனாமா’வின் 2025 ஏலத்தில் எஸ்மெரால்டாவின் லாட் ஒன்று கிலோ 30,204 டாலருக்குப் போனபோது உலகச் செய்தியானது; ஆனால் அந்த லாட்டின் மொத்த எடை 20 கிலோதான். மலைச்சரிவில் விளையும் மற்ற மூட்டைகள் அதைவிட மிகக் குறைந்த விலைக்கே விற்கின்றன. அந்த இருபது கிலோ எந்த மூட்டையில் இருக்கிறது என்பதை அறிய, ஒவ்வோர் ஆண்டும் அத்தனை மூட்டைகளையும் தனித்தனியே சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.