பந்தியிலிருந்து பிறந்த பதவி

ஊருக்கு ஓர் அப்போஸ்தலர் வந்தால் முகமலர்ந்து வரவேற்க வேண்டும். ஒரு நாள் தங்கலாம்; அவசியமானால் மறுநாளும் இருக்கலாம். மூன்றாம் நாளும் கிளம்பவில்லையென்றால் ஆள் போலி. புறப்படும்போது, அடுத்து தங்குமிடம் போய்ச் சேரும்வரை சாப்பிட ரொட்டி கொடுத்தனுப்பலாம். காசு கேட்டாரா, அவரும் போலிதான்.

இவை 'டிடாக்கே' என்ற சின்னஞ்சிறு கிரேக்க நூல் சொல்லும் விதிகள். நெடுங்காலம் காணாமல்போயிருந்த இந்த நூலின் முழுப் பிரதியை, 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு நூலகத்தில் பிலோதியோஸ் பிரையெனியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர் கண்டெடுத்தார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இது எழுதப்பட்டிருக்கலாம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு.

அன்று ஊர் ஊராகப் போய்ப் போதித்தவர்களுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும்தான் மவுசு. அறுவடையின் முதற்பலன் அவர்களுக்கே போனது. அதே நூல் இன்னோரிடத்தில், உள்ளூரிலேயே கண்காணிகளையும் உதவிக்காரர்களையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், அவர்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்கிறது. எண்ணியவர்கள் இருந்ததால்தானே இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது! வந்துபோகிறவருக்கு இருந்த மதிப்பு, கூடவே இருந்து பாடுபட்டவருக்கு இல்லை. அடுத்த நூறு ஆண்டுகளில் இந்த நிலை தலைகீழானது.

இந்த மாற்றத்துக்கு மேலிடத்துச் சதியைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது சாப்பாட்டுப் பந்தியும் ஏழைகளுக்கென்று சேர்த்த காசும்தான். முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. வசதியுள்ளவர் வீட்டில் கூடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். சிலர் பசியோடு கிடக்க, சிலர் குடித்து மயங்குகிறார்கள் என்று கொரிந்து நகரத்தாரைப் பவுல் கடிந்துகொண்டது 50-களின் நடுவில். பந்தியை ஒழுங்குபடுத்த ஒருவர் தேவைப்பட்டார்.

அதே கொரிந்தில் 96-ஐ ஒட்டி, மூப்பர்கள் சிலரைச் சபையாரே பதவியிலிருந்து இறக்கினார்கள். ரோமாபுரிச் சபை நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியது. அப்போஸ்தலர்கள் ஏற்படுத்திய வரிசையில் வந்தவர்களைக் குற்றமின்றி நீக்கக்கூடாது என்பது அதன் வாதம். படைவீரர்களின் கட்டுப்பாட்டை உதாரணம் காட்டியது. கிளமெந்து என்பவர் எழுதியதாக மரபு சொல்லும் அந்தக் கடிதத்தில் அவர் பெயரே இல்லை. பேசுவது ரோமாபுரிச் சபை. ஒற்றைத் தலைவர் என்ற பேச்சும் அதில் கிடையாது.

அந்தப் பேச்சை ஓங்கி ஒலித்தவர் அந்தியோக்கியாவின் இக்னேஷியஸ். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனைக்காகப் பத்துப் படைவீரர்கள் காவலில் ரோமாபுரிக்குப் போகும் வழியில் அவர் ஏழு கடிதங்கள் எழுதினார். ஆயரை, அதாவது சபையின் ஒற்றைத் தலைவரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கத்தை இத்தனை முறை சொல்ல வேண்டியதில்லை. அவர் ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் அந்நகரின் ஆயர் என்று யாரையும் குறிப்பிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

150 வாக்கில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியதைப் படித்தால் பந்தியும் பணமும் ஒரே கையில் சேர்ந்தது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நன்றி செபம் சொல்பவரிடமே காணிக்கையும் ஒப்படைக்கப்படுகிறது. அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் கிடப்போர், அந்நியர் எல்லோருக்கும் பொறுப்பு அவர்தான். இதில் இருந்த கருணையை மறந்துவிட்டு அதிகாரத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது. 251-இல் ரோமாபுரி ஆயர் கொர்னேலியுஸ் தந்த கணக்கு இது: 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், 7 துணை உதவிக்காரர்கள், 42 பணிவிடையாளர்கள், பேயோட்டுவோரும் வாசகர்களும் வாயிற்காவலரும் சேர்ந்து 52 பேர். சபையின் ஆதரவில் வாழ்ந்த விதவைகளும் ஏழைகளும் 1,500-க்கு மேல். இத்தனை வயிறுகளுக்குப் படியளந்த சபையில் படிநிலை உருவானதில் வியப்பில்லை.

ஆயர் பதவிக்குக் கடும் சோதனை வந்தது 250-இல். குடிமக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று பேரரசர் டீசியஸ் ஆணையிட்டார். எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெயர், ஊர், நான் எப்போதும் பலியிட்டு வந்தவன், இப்போது உங்கள் முன்னிலையில் பலியிட்டு அதை உண்டேன் என்ற வாசகம், கீழே அதிகாரிகளின் கையொப்பம். பாப்பிரஸ் துண்டில் அவ்வளவுதான். பயந்துபோன கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டார்கள். பலர் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அவர்கள் திரும்பிவர விரும்பியபோது மன்னிப்பது யார்? சிறையில் சித்திரவதைப்பட்டும் அசையாதவர்கள், 'இன்னாரை, அவரைச் சேர்ந்தவர்களோடு ஏற்றுக்கொள்க' என்று சீட்டுக் கொடுத்தார்கள். ஒரு சீட்டைக் காட்டி இருபது முப்பது பேர் உள்ளே வரலாம்! கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் தலைமறைவாக இருந்துகொண்டே இதை எதிர்த்து எழுதினார். ஓடி ஒளிந்தவர், அடிபட்டவர்களுக்குப் புத்தி சொல்வதா என்ற கோபம் எழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தனித்தனியே சீட்டு எழுதப்பட்டால் சபைக்குப் பொது நியதி என்று ஒன்று மிஞ்சாது என்ற சிப்ரியனின் கவலையும் நியாயமானதே.

251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் முடிவெடுத்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை, அவரவர் நிலையை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் தவம் செய்ய வேண்டும், மரணப் படுக்கையில்தான் மன்னிப்பு. (இரண்டாண்டில் இதுவும் தளர்ந்தது.) வேதனை அனுபவித்தவரின் அதிகாரம் பதவியில் இருப்பவரின் அதிகாரத்துக்கு வழிவிட்டது அங்கேதான். 258-இல் சிப்ரியனும் வாளுக்கு இரையானார்.

அதற்கு முன்பே அடுத்த கேள்வி முளைத்துவிட்டது. பிரிந்துபோன குழுக்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்பதில் ரோமாபுரி ஆயர் ஸ்டீபனும் சிப்ரியனும் மோதினார்கள். 256 செப்டம்பரில் கார்த்தேஜில் கூடிய 87 ஆயர்கள் முன்னிலையில், ஆயர்களுக்கெல்லாம் மேலான ஆயர் தாமென்று நம்மில் யாரும் உயர்த்திக்கொள்வதில்லை என்றார் சிப்ரியன். பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய 325-ஆம் ஆண்டு நிசேயா சங்கமோ, அலெக்சாந்திரியா, ரோமாபுரி, அந்தியோக்கியா ஆகிய நகரங்களின் ஆயர்களுக்கு மற்றவர்களுக்கில்லாத உரிமை உண்டென்று எழுதியே வைத்துவிட்டது.