முடிவில்லாத செவ்வாய்க்கிழமைகள் எங்கே இருக்கின்றன?

நாட்காட்டிச் செயலியில் 'செவ்வாய்தோறும் காலை 10 மணி' என்று ஒரு சந்திப்பைப் பதிகிறோம். முடிவுத் தேதி தரவில்லை. எத்தனை செவ்வாய்களை மென்பொருள் சேமிக்கும்? பொதுவாக, தனித்தனியாக எதையும் சேமிப்பதில்லை. தொடக்க நேரம், 'வாரம் ஒருமுறை' என்ற விதி, அவ்வளவுதான். ஜூலை மாதத்தைத் திறந்தால் அம்மாதத்துச் செவ்வாய்களை அப்போதுதான் கணக்கிட்டுத் திரையில் வரையும். ஒரு வாரம் ரத்தானால் அந்தத் தேதி மட்டும் விதிவிலக்காகக் குறிக்கப்படும். இவ்விதிகளை எழுதும் முறையைச் சொல்வது 2009இல் வெளியான ஐகேலண்டர் தரம். அதன்படி 'மாதந்தோறும் 31' என்றால் பிப்ரவரியும் ஏப்ரலும் சத்தமில்லாமல் விடுபடும். வாடகை நினைவூட்டலுக்கு அதை நம்ப வேண்டாம்!

இரண்டு சந்திப்புகள் மோதுகின்றனவா என்று பார்ப்பது எளிது: ஒவ்வொன்றும் மற்றது முடியும் முன்பே தொடங்கினால் மோதல்.

உண்மையான தலைவலி நேர மண்டலம். நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். சென்னையில் அந்த வழக்கம் இல்லை. அங்கே காலை 9 மணிக் கூட்டம் இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. ஆகவே தொடர் சந்திப்பை உலகப் பொது நேரமாக மாற்றி வைத்தால் போதாது. 'நியூயார்க் நேரம் காலை 9' என்று ஊரோடு சேர்த்தே வைக்க வேண்டும். அரசுகள் விதியை மாற்றுவதும் உண்டு. 2011இல் சமோவா டிசம்பர் 30ஆம் தேதியையே தாண்டிக் குதித்தது. இத்தகைய மாற்றங்களைத் தொகுக்கும் ஐஏஎன்ஏ நேர மண்டலத் தரவுத்தளம் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. நாட்காட்டி மென்பொருளும் கூடவே புதுப்பிக்கப்படாவிட்டால் கணக்கு பிசகும்.