டிராகனை வெளியே வைத்த கதை

'மேஜிக்: தி கேதரிங்' ஆட ஆரம்பிச்ச புதுசுல நான் கட்டின முதல் டெக்கில் 90 கார்டு. பிடிச்ச எதையும் விட மனசு வரல. கடையில நடந்த முதல் போட்டியில மூணு ஆட்டமும் தோல்வி. ரெண்டு மாச பாக்கெட் மணியை பூஸ்டர் பாக்கெட்ல கரைச்சு எடுத்த டிராகன், ஒரு தடவைகூட கைக்கு வரல.

கணக்கு அப்புறம்தான் புரிஞ்சது. 90 கார்டில் ஒன்றே ஒன்று இருந்தால், முதல் 7 கார்டில் அது வரும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம். விதிப்படி 60 கார்டு போதும். ஒரே கார்டை 4 வரை வைக்கலாம். அப்படி வைத்தால் வாய்ப்பு 40 சதவீதம்!

புதுசா வர்றீங்களா? ரெடிமேட் டெக் ஒண்ணு வாங்கி பத்து ஆட்டம் ஆடுங்க. 60ல் 24 லேண்ட் வைத்துத் தொடங்குங்கள். மானா தருவது அதுதான். கையிலேயே தேங்குற கார்டைக் குறிச்சு வச்சு, வெளியே எடுங்க. குறிப்பிட்ட கார்டு வேணும்னா பாக்கெட்டைப் பிரிச்சுத் தேடாம, ஒற்றையா வாங்குங்க.

நானும் 30 கார்டை எடுத்து ஷூ பெட்டியில போட்டேன். 7 மானா கேக்குற டிராகனும் அதுலதான் தூங்குது. போன வாரம் முதல் தடவையா ஜெயிச்சேன்.