மரடோனா நினைவேந்தல்: ஏலமலைகளின் இரு பக்கங்கள்

அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் டியேகோ மரடோனா 2020 நவம்பர் 25 அன்று தமது 60ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அதைத் தொடர்ந்து பல நாடுகளில் ரசிகர்கள் அவருக்கு அஞ்சலி செலுத்தினர். இந்தியாவில் கேரளத்திலும் கொல்கத்தாவிலும் இந்தத் துயரம் பெரிதாக வெளிப்பட்டது. அவரை நேரில் காணாத மக்கள் அவருக்காக ஏன் அழுதனர் என்பதையும், ஒரு விளையாட்டு வீரரின் நினைவு எவற்றால் நிலைக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மலையின் இரு பக்கங்கள்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு வரும். அதைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். போடி, கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்புவது அன்றாடக் காட்சி.

வேலையும் மொழியும் மலையின் இரு பக்கங்களையும் இணைக்கின்றன. விளையாட்டு ரசனை மட்டும் வேறுபடுகிறது. போடிப் பக்கம் கிரிக்கெட்டும் கபடியும் முன்னிற்க, மேற்குப் பக்கம் கால்பந்து முன்னிற்கிறது. மரடோனாவின் மறைவுச் செய்தி இந்தியாவை எட்டிய இரவில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அன்று நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துகொண்டிருந்ததால், தமிழ்நாட்டின் கவனமெல்லாம் புயலில் இருந்தது. கேரளத்திலோ மறுநாள் விளையாட்டுத் துறை அமைச்சர் ஈ. பி. ஜெயராஜன், நவம்பர் 26, 27 ஆகிய இரு நாள்களிலும் விளையாட்டுத் துறையினர் துக்கம் அனுசரிக்குமாறு கேட்டுக்கொண்டார். ஆக, போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு அப்பால் அது மாநிலமே அறிவித்த துக்கம். இப்பால் அது நாளிதழில் படித்துக் கடந்துபோன செய்தி.

கேரளத்தின் பற்று எப்படி வளர்ந்தது?

இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, தொலைக்காட்சி. 1986ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையை தூர்தர்ஷன் இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி தொடங்கியபோது இந்தியாவில் இரவு 11.30 மணி. அந்த ஆட்டத்தில் நான்கு நிமிட இடைவெளியில் மரடோனா இரண்டு கோல்கள் அடித்தார். முதலாவது கையால் தட்டிவிடப்பட்டது. நடுவர் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது, தம் பக்கத்துப் பாதியிலிருந்தே பந்தைக் கடத்திச் சென்று, எதிரணியினர் பலரை ஏமாற்றி அடித்தது. இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனியை 3-2 என வென்று அர்ஜென்டினா கோப்பையைக் கைப்பற்றியது. தூக்கம் விழித்து அதைப் பார்த்த சிறுவர்கள்தாம் 2020இல் நடுத்தர வயதினராக அவருக்காக அழுதவர்களில் பலர்.

இரண்டாவது, மைதானம். ஏலமலைகளை ஒட்டிய மூணாறு தேயிலைத் தோட்டங்களில் ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டி 1940களிலிருந்து நடந்து வருகிறது. தோட்டங்களின் பெயரில் அணிகள் மோதும் இப்போட்டியில் ஆடியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பந்தைத் தாமே உதைத்துப் பழகியவருக்குத்தான் பிறர் ஆட்டத்தின் அருமை முழுமையாகப் புரியும்.

மூன்றாவது, அவரது பிறப்பும் வருகையும். புவெனஸ் ஐரிஸ் நகரை அடுத்த வில்லா ஃபியோரிட்டோ என்ற ஏழ்மையான குடியிருப்பில் வளர்ந்தவர் மரடோனா. உயரம் குறைந்த, வசதியற்ற ஒரு சிறுவன் உலகை வென்ற கதை உழைக்கும் மக்களுக்கு நெருக்கமானது. 2012 அக்டோபரில் அவர் கண்ணூருக்கு வந்தபோது மைதானத்தில் பெருந்திரள் கூடியது. கேரளத்தின் புகழ்பெற்ற வீரர் ஐ. எம். விஜயனுடன் சேர்ந்து அவர் பந்தைத் தட்டி விளையாடினார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தபோது, அந்த வருகையே மீண்டும் மீண்டும் நினைவுகூரப்பட்டது.

உலகின் அஞ்சலி

அர்ஜென்டினா அரசு மூன்று நாள் தேசியத் துக்கம் அறிவித்தது. குடியரசுத் தலைவர் மாளிகையில் வைக்கப்பட்ட உடலைக் காண, கோவிட் காலத்திலும் பெருங்கூட்டம் திரண்டது. மரடோனா 1984 முதல் 1991 வரை ஆடிய இத்தாலியின் நாபோலி நகரில் ரசிகர்கள் மெழுகுவர்த்தி ஏற்றினர். நவம்பர் 26 அன்று நடந்த ஆட்டத்துக்கு முன் நாபோலி அணியினர் அனைவரும் அவரது 10ஆம் எண் சட்டையை அணிந்து வந்தனர். டிசம்பரில் அந்நகர மைதானத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

மாற்றுக் குரல்

எல்லாரும் ஒரே வகையில் நினைவுகூரவில்லை. போதைப் பொருள் பழக்கத்தால் 1991இல் அவருக்கு 15 மாதத் தடை விதிக்கப்பட்டது. 1994 உலகக் கோப்பையிலிருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் திருப்பி அனுப்பப்பட்டார். பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் குறித்தும் குற்றச்சாட்டுகள் இருந்தன. ஸ்பெயினின் பெண் கால்பந்து வீரர் பவுலா டபேனா, ஓர் ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலியின்போது தரையில் முதுகு காட்டி அமர்ந்தார். மரடோனா இறந்த நாள், பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் பன்னாட்டு நாளும்கூட. வன்முறைக்குப் பலியான பெண்களுக்காக மௌனம் கடைப்பிடிக்கப்படவில்லையே என்பது அவரது கேள்வி. திறமையைப் போற்றுவது வேறு, குறையை மறைப்பது வேறு என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணரலாம்.

நினைவு எதனால் நிலைக்கிறது?

மரடோனாவின் நினைவு நாளுக்கு முந்தைய நாளான நவம்பர் 24, இன்னொரு வீரரின் நினைவு நாள். மெட்ராஸ் ரெஜிமென்ட் வழியே கால்பந்துக்கு வந்த பீட்டர் தங்கராஜ் 2008இல் அந்நாளில் காலமானார். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணிகளிலும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இடம்பெற்ற கோல்காப்பாளர் அவர். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். இருந்தும் அவர் பெயரை அறிந்த தமிழ் மாணவர்கள் மிகச் சிலரே. அவர் பந்தைத் தடுத்த காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தலைமுறை இல்லை. பார்த்தவர்களும் பிள்ளைகளுக்குப் போதிய அளவு சொல்லவில்லை.

பார்த்தது, ஆடியது, சொல்லிக் கேட்டது ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் ஒரு வீரரின் நினைவு நிலைக்கிறது. மலையின் மேற்குப் பக்கம் மரடோனாவுக்கு இம்மூன்றும் வாய்த்தன. பீட்டர் தங்கராஜைப் போன்றோருக்கு முதலாவதை இனித் தர இயலாது. மூன்றாவதை இன்றும் தரலாம்.