குருதி உரைக்கும் சான்றுகள்

நீரிழிவு என்னும் பெயர் நோயாளியின் சிறுநீரை நோக்கி எழுந்ததாகும். நீர் மிகுதியாக இழிதலைக் கண்ட முன்னோர் அதற்கு அப்பெயரை இட்டனர். சுசுருத சங்கிதை அந்நோயை மதுமேகம் என வழங்கிற்று. அச்சிறுநீரை எறும்புகள் நாடி மொய்ப்பதையும் பண்டை மருத்துவர் அறிந்திருந்தனர். ஆங்கில நாட்டில் தோமஸ் வில்லிஸ் என்பார் 1674 ஆம் ஆண்டில் அவ்வினிப்பைக் குறித்து எழுதினார். நூறாண்டு கழிந்தபின், 1776 இல், லிவர்ப்பூல் நகரத்து மருத்துவர் மத்தேயு டொப்சன் சிறுநீரை வற்றக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்துக் காட்டியதோடு, நோயாளியின் குருதி நீரும் இனிக்கின்றது என்று கண்டார். நோயின் இருப்பிடம் சிறுநீரகம் அன்று என்பதற்கு அதுவே முதற் சான்றாயிற்று. இன்று குருதியில் சர்க்கரையை மட்டுமன்றி வேறு பல மூலக்கூறுகளையும் அளக்கின்றனர். அவற்றுள் எவற்றை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

சர்க்கரையை அளப்பதில் உள்ள இடர்ப்பாடு அது கணந்தோறும் மாறுவது. உண்டபின் ஏறும், ஓடியாடினால் இறங்கும், அச்சத்தாலும் காய்ச்சலாலும் உயரும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னர்ச் சோற்றைக் குறைத்து, தேநீருக்குச் சீனி இடாது, நல்ல பிள்ளையாக மருத்துவர் முன் சென்று நிற்பவரை நாம் அனைவரும் அறிவோம். ஆண்டு முழுவதும் நூலைத் திறவாது, தேர்வுக்கு முதனாள் இரவு மட்டும் விழித்திருக்கும் மாணாக்கனின் தந்திரம் இது. தேர்வில் அத்தந்திரம் சிலவேளை பலிக்கும். உடலில் அது பலிக்காமைக்குக் காரணம் செங்குழியங்களில் எழுதப்படும் ஒரு கணக்கு.

செங்குழியத்தில் உள்ள ஈமோகுளோபின் என்னும் புரதத்தின் ஒரு நுனியில் வலீன் என்ற அமினோ அமிலம் உண்டு. குருதியிலுள்ள குளுக்கோசு நொதியம் எதனுடைய உதவியுமின்றித் தானாகவே அதனோடு சேர்கின்றது. முதலில் அச்சேர்க்கை தளர்ந்தது, விடுபடவுங்கூடும். பின்னர் அணுக்கள் இடம்மாறி அமைந்து, அது மீளாப் பிணைப்பாகி விடுகின்றது. பாண் சுடும்போது அதன் மேற்றோல் பொன்னிறமாவதும் சர்க்கரையும் புரதமும் இவ்வாறு கூடுவதாற் றொடங்கும் வினையே. அடுப்பில் அது சில நிமிடங்களில் நிகழ்கின்றது, உடலிற் பல வாரங்களில் நிகழ்கின்றது. செங்குழியத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அந்நாள்களிற் குருதியிற் சர்க்கரை எவ்வளவு மிகுந்திருந்ததோ அவ்வளவுக்குச் சர்க்கரை ஏறிய ஈமோகுளோபினும் மிகும். ஆதலின் இரண்டு மூன்று மாதத்துச் சராசரியை ஒரு துளிக் குருதி கூறிவிடுகின்றது. அண்மை மாதத்து நிலையே அதில் மிகுதியாகப் பதிந்திருக்கும். எனினும், இரண்டு நாட் பட்டினியால் அதனை அழிக்க முடியாது.

இவ்வகை ஈமோகுளோபினை ஏ1சி என்பர். அதனை 1958 இல் ஹூயிஸ்மன், மேயரிங் என்னும் இருவர் பிரித்தறிந்தபோது அதற்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு புலப்படவில்லை. ஈரான் நாட்டவரான சாமுவேல் ராஹ்பர், தெஹ்ரானில் இயல்பு திரிந்த ஈமோகுளோபின்களைத் தேடிக் குருதிகளை மின்புலத்தில் ஓடவிட்டு ஆராய்ந்தவர். நீரிழிவு நோயாளரின் குருதியில் ஒரு புதிய பட்டை தோன்றுவதை அவர் கண்டு 1968 இல் வெளியிட்டார். அவர் தேடியது வேறு, கண்டது வேறு. அமெரிக்காவில் 1983 முதல் 1993 வரை 1441 பேரைக் கொண்டு நடந்த பேராய்வே அக்கண்டுபிடிப்பின் பயனை நிலைநாட்டிற்று. முதலாம் வகை நீரிழிவுள்ள அவர்களுள், ஏ1சி அளவை நூற்றுக்கு 7 அளவிற் பேணியவர்க்கு, 9 அளவில் இருந்தவரைக் காட்டிலும் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடு பெரிதுங் குறைந்திருந்தது. 2011 இல் உலக சுகாதார நிறுவனம் நூற்றுக்கு 6.5 உம் அதற்கு மேலும் நீரிழிவைத் துணியப் போதுமென ஏற்றது.

ஆயினும் இச்சாட்சியும் பிழை கூறும் இடமுண்டு. அளக்கப்படுவது சர்க்கரையன்று, செங்குழியத்தில் ஏறிய சர்க்கரை. செங்குழியங்கள் விரைந்து அழியும் நோய்களிலும், குருதி இழந்த அண்மைக் காலத்திலும், இளங்குழியங்களே மிகுந்திருப்பதால் அளவு பொய்யாகத் தாழும். இரும்புச் சத்துக் குறைந்த சோகையில் அது பொய்யாக உயரக்கூடும். இரும்புக் குறைச் சோகை பெண்களிடையே பரந்தும், தலசீமியா சில குடும்பங்களிற் றொடர்ந்தும் காணப்படும் நம் நாட்டில் இதனைச் சிறு விதிவிலக்கென்று ஒதுக்குதல் தகாது. சர்க்கரை அளவும் ஏ1சி அளவும் ஒன்றுக்கொன்று முரணும்போது, நோயாளியைப் பொய்யரென்று கடிவதற்கு முன் அவரது ஈமோகுளோபின் எவ்வளவென்று பார்ப்பதே முறை.

இனி உடற்பருமனுக்கு வருவோம். அதற்குங் குருதியில் ஒரு சான்று உண்டோ என்ற வினாவுக்கு விடை சுண்டெலிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் பார் ஹார்பர் நகரிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில், பரம்பரையாகக் கொழுக்கும் இருவகைச் சுண்டெலிகள் இருந்தன. டக்ளஸ் கோல்மன் என்பார் இரண்டிரண்டு எலிகளின் உடல்களைத் தைத்து இணைத்து, ஒன்றன் குருதி மற்றதனுட் செல்லச் செய்தார். முதல்வகைக் கொழுத்த எலியை இயல்பான எலியோடு இணைத்தபோது கொழுத்தது உண்பதைக் குறைத்தது. இரண்டாம் வகையை இணைத்தபோதோ, கொழுத்தது கொழுத்தவாறே இருக்க, இயல்பானது உண்ணாதிருந்து மாண்டது. பசியை அடக்கும் ஒரு பொருள் குருதியில் ஓடுகின்றது. முதல்வகை அதனை ஆக்கமாட்டாது, இரண்டாம் வகை அதனை உணரமாட்டாது என்று கோல்மன் துணிந்தார். அப்பொருளுக்குரிய பரம்பரையலகை 1994 இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனும் அவர் குழுவினரும் கண்டனர். கொழுப்பிழையமே சுரக்கும் அவ்வோமோனுக்கு, மெலிவு என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று லெப்டின் என்று பெயரிட்டனர்.

பருமனுக்கு மருந்து கிடைத்ததென உலகம் மகிழ்ந்தது. பருத்த மனிதரின் குருதியை ஆராய்ந்தபோதோ லெப்டின் குறைந்திருக்கவில்லை, மிகுந்திருந்தது. கொழுப்பு ஏறுந்தோறும் அதுவும் ஏறுகின்றது. மூளை அதன் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே பெரும்பாலோரிடத்தில் லெப்டினை அளப்பது, தராசு கூறியதையே விலை கொடுத்து மறுமுறை கேட்பதாகும். விலக்கும் உண்டு. பிறவியிலேயே லெப்டின் அற்று, அடங்காப் பசியுடன் பருத்த இரு குழந்தைகள் 1997 இல் இங்கிலாந்தில் அறியப்பட்டனர். அத்தகைய குழந்தைக்கு அவ்வோமோனை ஊசி மூலம் கொடுத்தபோது பசி அடங்கிற்று. அவர்களைப் பொறுத்தவரை இப்பரிசோதனை வாழ்வையே மாற்றியது.

கொழுப்பிழையம் சுரக்கும் அடிப்போநெக்டின் என்ற மற்றொரு புரதம் இதற்கு மாறாகப் பருமன் கூடக் குறைகின்றது. அதன் குறைவு இன்சுலினுக்கு உடல் இணங்காமையோடு சேர்ந்தே வருகின்றது. கொழுப்பின் நிறையோடு அது தங்கும் இடமும் கருதத்தக்கது என்பதை இது உணர்த்தும். 2004 இல் லான்செற் இதழில் இரு மருத்துவ அறிஞரின் படம் வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டன் நகரத்து யுட்கின். நிறையையும் உயரத்தையும் கொண்டு கணிக்கும் உடற்றிணிவுச் சுட்டி இருவர்க்கும் 22.3, உடற்கொழுப்போ யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. தென்னாசியராகிய நாம் தோற்றத்தில் மெலிந்திருந்தும் நீரிழிவுக்கு ஆளாவதன் காரணங்களுள் ஒன்று அப்படத்தில் உள்ளது. தராசு ஏமாற்றும் இத்தகையோரிடத்திலேதான் குருதிச் சான்று மிகவும் வேண்டப்படுகின்றது.

நோய் வருமுன் அதனை முன்னறிதல் கூடுமோ? அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில், சர்க்கரை இயல்பாயிருந்த 2422 பேரைப் 12 ஆண்டு தொடர்ந்து நோக்கியதில் 201 பேர் நீரிழிவுற்றனர். சேமித்த பழங்குருதியை ஆராய்ந்தபோது லியூசீன், ஐசோலியூசீன், வலீன், தைரோசீன், பெனைலலனீன் என்னும் ஐந்து அமினோ அமிலங்கள், பின்னர் நோயுற்றோரிடத்தில் முன்னமே மிகுந்திருந்தமை 2011 இல் வெளியாயிற்று. வியக்கத்தக்க செய்திதான். ஆனால் வயது, இடைச்சுற்றளவு, பெற்றோர்க்கு நோயுண்டோ என்ற வினா, காலை வெறுவயிற்றுச் சர்க்கரை ஆகியவற்றை அறிந்த மருத்துவர்க்கு இவ்வைந்தும் கூட்டும் அறிவு சிறிதே என்பது என் கருத்து. மேலும், அவ்வமிலங்கள் நோயை விளைக்கின்றனவா, அன்றி இன்சுலினுக்கு உடல் இணங்காமையால் தாமே மிகுகின்றனவா என்ற வழக்கு இன்னுந் தீரவில்லை. பரம்பரையலகுகளைக் கொண்டு ஆராய்ந்தோருள் ஒரு சாரார் முன்னதற்கும், மற்றொரு சாரார் பின்னதற்கும் சான்று காட்டியுள்ளனர்.